என் வீட்டுக்காரருக்கு ஜோடி

ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் பொண்டாட்டிதான் ஜோடி. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஜோடி எங்க அண்ணன். சிரிப்பா இருக்கா? சிரிச்சுக்கோங்க. நானும் ஒரு காலத்துல சிரிச்சவதான். ஆனா இந்த ஜோடி சமாச்சாரம் தெரியாம, ராஜா வேணுமா வேண்டாமான்னு ஓட்டு நடந்த அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு விளங்காது. பள்ளிக்கூடப் புத்தகத்துல அதுக்குன்னு ஒரு பாடம் போட்டு, 'வரலாற்றின் திருப்புமுனை'ன்னு தலைப்பு வச்சு, நாலு பெரிய மனுஷங்க படத்தையும் போட்டிருக்கான். படிக்கிற பிள்ளைங்க பாவம். அந்தத் திருப்புமுனை அன்னிக்கு முழுக்க எங்க வீட்டு உள்ரூம்ல நாற்காலி போட்டு உக்காந்து விசிறி வீசிக்கிட்டு இருந்துச்சுன்னு அதுல ஒரு வரி கிடையாது.

சட்டசபையில ஒரு வழக்கம் உண்டு. சட்டத்துல கிடையாது, வழக்கம்தான். ஒரு கட்சி ஆளு உடம்பு முடியாம படுத்துட்டா, எதிர்க்கட்சியில ஒருத்தர், "நீங்க எந்திரிச்சு வர்ற வரைக்கும் நானும் ஓட்டுப் போடலைங்க"ன்னு சொல்லி ஒதுங்கிக்குவார். ரெண்டு பக்கமும் ஒண்ணு குறைஞ்சு, கணக்கு நேராப் போயிடும். இதுக்குப் பேருதான் ஜோடி. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, வெறும் வாய்வார்த்தை. வார்த்தை தவறினவனை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் சபை கேன்டீன்ல அவன் பக்கத்துல உக்காந்து ஒருத்தனும் டீ குடிக்க மாட்டான்.

எங்க அண்ணன் ராஜா கட்சி. எங்க வீட்டுக்காரர் ராஜா வேண்டாம்ங்கிற கட்சி. எங்க அப்பா அரண்மனைக் குதிரை லாயத்தைப் பார்த்துக்கிட்டவர். நானும் அண்ணனும் அரண்மனை உப்பைத் தின்னு வளர்ந்தவங்க. அப்பா செத்தப்ப ராஜாவே வந்து, பத்து வயசு அண்ணன் தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னார். அந்தக் கை அப்புறம் அவன் தோளை விட்டு இறங்கவே இல்ல. பெரியவனாகி மீசை வச்சான், சபைக்குப் போனான். பேப்பர்காரங்க அவனை 'மீசை'ன்னே எழுதுவாங்க. ராஜாவைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா, அந்த மீசை ரெண்டு பக்கமும் ஆடும்.

வேடிக்கை என்னன்னா, எனக்கு இந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடிச்சதே அவன்தான். "சாது, பாப்பா. பள்ளிக்கூட வாத்தியார். வாயே திறக்க மாட்டார்"ன்னான். கல்யாணம் ஆன மறுவருஷமே சாது மேடை ஏறிடுச்சு. ஒரு மனுஷன் பொறந்த வீட்டை வச்சு அவனை எதுக்கு நாட்டுக்கே தலைவனாக்கணும்னு கேட்டார். வேலை போச்சு, ஜெயிலுக்கும் போனார். அவர் உள்ள இருந்தப்ப எங்க வீட்டுக்கு அரிசி பருப்பு தூக்கிட்டு வந்து போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? மீசைதான். மூட்டையை இறக்கி வச்சுட்டு, "உன் புருஷனுக்குப் புத்தி வரவே வராதா?"ன்னு திட்டிட்டுப் போவான். எனக்கு வர்ற கோபத்துக்கு மூட்டையைத் திருப்பி எறியலாம்னு தோணும். பிள்ளைங்க பசிக்கும்னு விட்டுடுவேன்.

அவர் வெளியில வந்து, காலம் மாறி, அவரும் ஓட்டுல ஜெயிச்சு அதே சபைக்குப் போனார். மாமன் மச்சான் ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து அங்க கத்திட்டு, லீவு நாள்ல எங்க வீட்ல உக்காந்து சீட்டாடுவாங்க. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா இன்னொருத்தர்தான் ஜோடி. வேற யாரையும் சேர்த்துக்க மாட்டாங்க. ஜோடி போட்ட அன்னிக்கு ஆரோக்கியமா இருக்கறவர், படுத்திருக்கறவர் வீட்டுக்கு வந்துடுவார். அதுவும் அவங்களுக்குள்ள ஒரு முறை.

ஒரு தடவை அண்ணன் காலை உடைச்சுக்கிட்டான். லாயத்துல வளர்ந்தவன், குதிரையிலிருந்து விழுந்தான்னா பெருமையாவது மிஞ்சும். குளியலறையில சோப்பு வழுக்கி விழுந்தான். அந்த வாரம்தான் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போடற சட்டம் சபைக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் போய் ஓட்டுப் போட்டிருந்தா அதைத் தோற்கடிச்சிருக்கலாம். அவர் கட்சித் தலைவர் எங்க வீட்டு வாசல்ல நின்னு கெஞ்சினார். "மச்சான் படுத்திருக்கறப்ப நான் போனா அது ஓட்டு இல்ல, திருட்டு"ன்னு சொல்லிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சீட்டு விளையாடினார். சட்டம் நிறைவேறிடுச்சு. அவர் கட்சிக்காரங்களே எங்க கேட்ல தாரால 'துரோகி'ன்னு எழுதி வச்சுட்டுப் போனாங்க. அதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சது நான். புருஷன் கொள்கைவாதியா இருந்தா பொண்டாட்டி கைதான் நாறும், எழுதி வச்சுக்கோங்க.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். ராஜாவை நீக்கற மசோதாவுக்கு என்னமோ பெரிய பேரு. தெருவுல எல்லாரும் முடி மசோதான்னுதான் சொன்னாங்க. எங்க தெரு சலூன்காரர் 'இங்கே முடி எடுக்கப்படும்'னு புதுசா போர்டு மாட்டி, போலீஸ்கிட்ட நாலு சாத்து வாங்கினார். எங்க வீட்டுக்காரர் வாழ்நாள் பூரா எதுக்காக வேலையை விட்டாரோ, ஜெயிலுக்குப் போனாரோ, அது கடைசியா ஓட்டுக்கு வருது. வர்ற நேரம் பார்த்து அவருக்கு இதயம் மக்கர் பண்ணிடுச்சு.

ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்துட்டு, "வீட்ல நிம்மதியா இருக்கட்டும்"னு டாக்டர் அனுப்பிட்டார். டாக்டர் அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம். "கட்டிலோட தூக்கிட்டுப் போங்க, ஒரு கை தூக்கிட்டு வந்துடறேன்"னு அடம் பிடிச்சார். சபைக் கட்டடம் எங்க தெரு முனையிலதான். ஆனா மாடிப்படி ஏறினாலே ஆபத்துன்னு டாக்டர் சொன்ன ஆளைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? "நீங்க போறதுன்னா என்னைத் தாண்டித்தான் போகணும்"னு வாசப்படியில உக்காந்துட்டேன். என்னைத் தாண்டறது அவ்வளவு சுலபம் இல்ல, அது அவருக்குத் தெரியும்.

அப்ப அண்ணன் வந்தான். கட்டில் பக்கத்துல நின்னு மீசையைத் தடவிக்கிட்டு, "மாப்பிள்ளை, நீங்க பேசாம படுங்க. நானும் போகல. ஜோடி"ன்னான்.

அவர் அவனையே பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா மச்சான்? இது உங்க ராஜா."

"என் கால் உடைஞ்சப்ப அது உங்க பத்திரிகை"ன்னான் அண்ணன். பேச்சு அவ்வளவுதான்.

ரெண்டு கட்சிக்காரங்களும் தலையைத் தலையை எண்ணிப் பார்த்துட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் ஒதுங்கி நின்னா ஒரே ஒரு ஓட்டுல ராஜா போயிடுவார். அண்ணன் மட்டும் போய் ஓட்டுப் போட்டா ரெண்டு பக்கமும் சமமா வந்துடும். சமமா வந்தா சபாநாயகர் இருக்கறது இருக்கட்டும்னுதான் ஓட்டுப் போடணும், அது முறை. அப்ப ராஜா இருப்பார். ஆக மொத்தம் ஒரு நாட்டோட தலையெழுத்து எங்க அண்ணன் எந்திரிக்கிறதுலயும் உக்கார்றதுலயும் வந்து நின்னுச்சு.

உண்மையைச் சொல்றேன், எனக்கு அவன் மேல நம்பிக்கை இல்ல. கூடப்பிறந்தவன்தான், வார்த்தை தவறாதவன்தான். ஆனா ராஜான்னு வந்துட்டா அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. எனக்கு ராஜா இருந்தாலும் போனாலும் அடுப்புல வேகறது ஒண்ணுதான். ஆனா இவர் கண்ணை மூடறதுக்குள்ள இந்த ஒண்ணை மட்டும் பார்த்துட்டுப் போகணும். நான் எந்தச் சாமிகிட்டயும் இதுவரைக்கும் இவ்வளவு கெஞ்சினது இல்ல.

ஓட்டு அன்னிக்குக் காலையிலேயே சீட்டுக்கட்டோட அண்ணன் வந்துட்டான். அவன் உள்ள போனதும் செருப்பை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். தண்ணி குடிக்க அடுப்படிக்கு வந்தவன் அதைப் பார்த்துட்டான்.

"பாப்பா, நான் போகணும்னு நினைச்சா வெறுங்காலோடயே போயிடுவேன்."

"போய்த்தான் பாரேன். கதவைப் பூட்டிச் சாவியை முழுங்கிடுவேன்."

"செஞ்சாலும் செய்வ"ன்னு சிரிச்சுக்கிட்டே போனான்.

டாக்டர் உள்ரூம்ல ரேடியோ வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். கேட்டுப் பதட்டமானா தாங்காதுன்னார். அதனால ரேடியோவைக் கூடத்துல வச்சுச் சத்தத்தைக் குறைச்சு வச்சேன். உள்ள அவருக்கு ஒண்ணும் கேக்காது. மேல சுத்தற ஃபேனும் கடகடன்னு சத்தம் போடுதுன்னு அவர் நிறுத்தச் சொல்லிட்டார். அண்ணன் கட்டில் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, ஒரு கையில விசிறி, ஒரு கையில சீட்டுன்னு ஆட்டம் போட்டான். ஒரு ஆட்டம்தான். அதுலயும் அவர்தான் ஜெயிச்சார். "வேணும்னே விட்டுக் கொடுக்கறீங்க"ன்னு அதுக்கு ஒரு சண்டை. அப்புறம் அவருக்கு அசதியாயிடுச்சு, சீட்டைக் கீழ வச்சுட்டார்.

போன் அடிச்சுது. அண்ணி. "அரண்மனையிலிருந்து ஆள் வந்துட்டுப் போறாங்க. உங்க அண்ணன் எங்கன்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றது? மரியாதையா அவரை அனுப்பி வை"ன்னு அழற மாதிரி பேசினா.

"உங்க வீட்டுக்காரரை நான் கட்டியா போட்டிருக்கேன் அண்ணி? கூப்பிட்டுப் பாருங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க"ன்னு போனை வச்சேன். வச்சுட்டு வாசக்கதவுத் தாழ்ப்பாளை ஒரு தடவை சரி பார்த்துக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல வாசல்ல ஒரு பெரிய கார் வந்து நின்னுச்சு. ராஜா கட்சிக் கொறடா இறங்கினார். ஓட்டு நாள்ல எல்லாரையும் ஆடு மாடு ஓட்டற மாதிரி சபைக்குள்ள ஓட்டி விடறதுதான் கொறடா வேலை. சட்டை மடிப்பு கலையாத ஆளு. வாசப்படியில நின்னு, குரல்ல தேனைக் குழைச்சு, "சாருக்கு உடம்பு எப்படி இருக்குங்கம்மா?"ன்னு கேட்டார்.

"இருக்கார். ஏன், இல்லைன்னு சேதி வந்துச்சா?"

"ஐயோ, அப்படி இல்லைங்கம்மா. ஒரு முறைக்காக..."

"என்ன முறை?"

மென்னு முழுங்கினார். அப்புறம் சொன்னார். ஜோடிங்கிறது ரெண்டு பேரும் உயிரோட இருக்கற வரைக்கும்தானாம். ஒருத்தர் கண்ணை மூடிட்டா ஜோடி அந்த நிமிஷமே அறுந்துடுமாம். இன்னொருத்தர் தாராளமாப் போய் ஓட்டுப் போடலாமாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்களாம். சபையில காலங்காலமா அதுதான் நடைமுறையாம்.

எனக்கு உச்சந்தலையில யாரோ கொள்ளி வச்ச மாதிரி ஆயிடுச்சு. "அடப்பாவி! நீ என் புருஷன் உடம்பை விசாரிக்க வரல, உயிரு போயிடுச்சான்னு பார்க்க வந்திருக்க!"ன்னு கத்தினேன். விளக்குமாறு கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு. அதை எடுக்கறதுக்குள்ள சத்தம் கேட்டு அண்ணன் வந்துட்டான்.

கொறடா அவன் பக்கம் திரும்பிட்டார். "அண்ணே, ராஜா உங்களை விசாரிச்சார். 'லாயத்துக்காரர் மகன் வந்துட்டானா'ன்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். வேற யாரையும் கேக்கல, உங்களை மட்டும்தான் கேட்டார்."

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். அந்த மீசைக்குக் கீழ உதடு நடுங்கிச்சு. போச்சு, கிளம்பிடுவான்னு நினைச்சேன்.

"மாப்பிள்ளைக்கு மூச்சு இருக்கற வரைக்கும் நான் வர மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லு"ன்னான்.

"மூச்சு நின்னுட்டா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "நின்னுட்டா வரேன். அதானே முறை."

கொறடா தலையாட்டிட்டுப் போய் காருக்குள்ள உக்காந்துக்கிட்டார். கதவைக்கூடச் சாத்தல. ஒரு காலை வெளியில தொங்கப் போட்டுக்கிட்டு எங்க வீட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

நான் அண்ணன் சட்டையைப் பிடிச்சு அடுப்படிக்கு இழுத்துட்டு வந்தேன். "அப்ப அவர் எப்ப சாவார்னு பார்த்துக்கிட்டுத்தான் பக்கத்துல உக்காந்திருக்கியா? இதுக்குத்தான் விசிறியா?"

"கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னேன். என் ராஜா போகக் கூடாதுன்னுதான் எனக்கு ஆசை. இல்லைன்னு உன்கிட்டப் பொய் சொல்லவா?"

"சொல்லித் தொலையேன்! ஒரு நாளாவது ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

அவன் உள்ள போயிட்டான். நான் அங்கயே நின்னு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன். அழுதா அவருக்குக் கேக்கும். இன்னும் கொஞ்ச நேரம் தாங்குங்க, இன்னும் கொஞ்ச நேரம்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு நின்னேன்.

மத்தியானம் சபையில பேச்சு நீண்டுக்கிட்டே போச்சு. ஆளாளுக்கு வரலாறு பேசறாங்க. எந்த நாட்டுல எந்த ராஜா தலையை வாங்கினாங்க, எந்த ராஜா கப்பல் ஏறிப் போனார்னு ஒருத்தர் பட்டியல் படிச்சார். அட, பேசினது போதும், ஓட்டைப் போட்டுத் தொலைங்கடான்னு ரேடியோவைத் திட்டினேன். நான் கூடத்துக்கும் உள்ரூமுக்கும் நடையா நடந்தேன். அவருக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்துக்கிட்டு இருந்துச்சு. ஆனா கண்ணு தெளிவா இருந்துச்சு. என்னைப் பார்த்து, "கஞ்சி இருக்கா?"ன்னு கேட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நாலஞ்சு நாளா எதையும் வாயில வைக்காத மனுஷன். "இதோ, ஒரு நொடியில வைக்கிறேன். எடுத்துட்டு வர்றதுக்குள்ள தூங்கிடாதீங்க"ன்னு ஓடினேன். அரிசியை நொய்யா உடைச்சு, நல்லாக் குழைய விட்டு, உப்புப் போட்டு, ஆத்தி எடுத்துட்டு வந்தேன். அவருக்கு அரைகுறையா வெந்தா பிடிக்காது.

நான் கதவுகிட்ட வந்ததும் அண்ணன் உதட்டுல விரலை வச்சான். "இப்பதான் கண் அசந்தார்"னு மெதுவாச் சொன்னான். போர்வை கழுத்து வரைக்கும் இழுத்து விட்டிருந்துச்சு. முகம் சுவர்ப் பக்கம் சாஞ்சிருந்துச்சு. அண்ணன் விசிறிக்கிட்டே இருந்தான். காத்துக்கு அவர் நெத்தி முடி லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு. எத்தனையோ நாள் கழிச்சு மனுஷன் இழுப்பு இல்லாம தூங்கறாரேன்னு எனக்கு நிம்மதியாயிடுச்சு. அண்ணன் மூக்கை உறிஞ்சினான். சளி பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்.

கஞ்சியை எடுத்துட்டுப் போய் அடுப்பு ஓரத்துலயே வச்சேன், சூடு ஆறக் கூடாதுன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, ஆறிப் போச்சோன்னு மறுபடியும் சூடு பண்ணினேன்.

பேச்சு ஒரு வழியா முடிஞ்சுது. சபை மணி அடிக்க ஆரம்பிச்சுது. ரேடியோவுலயும் கேட்டுச்சு, தெரு முனையிலிருந்து நேராவும் கேட்டுச்சு. மணி நின்னதும் கதவைச் சாத்திடுவாங்க. அப்புறம் யாரும் உள்ள போக முடியாது. கொறடா காரை விட்டுக் குதிச்சு ஓடி வந்தார். நான் வாசல்ல மறிக்கவும், பக்கவாட்டுச் சந்து வழியாப் போய் உள்ரூம் ஜன்னல்ல தலையை நீட்டினார். நானும் பின்னாலயே ஓடினேன்.

"அண்ணே, மணி அடிக்குது! அவர் எப்படி இருக்கார்?"

அண்ணன் திரும்பக்கூட இல்ல. "தூங்கறார்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கண்ணே. ராஜா காத்துக்கிட்டு இருக்கார்!"

"தூங்கற மனுஷனைச் சத்தம் போட்டு எழுப்பினா உன் பல்லைப் பேத்துடுவேன். போடா!" விசிறி ஒரு வீச்சுகூட நிக்கல.

கொறடாவுக்கும் ஓட்டு உண்டே, அவரும் உள்ள போகணுமே! ஜன்னலை விட்டுட்டு, அவசரத்துல காரையும் மறந்துட்டு, மடிப்புக் கலையாத சட்டை வேர்வையில நனைய, தெரு முனையைப் பார்த்து ஓட்டமா ஓடினார். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அவர் சபைக்குள்ள நுழையவும் மணி நின்னுச்சு. கதவு சாத்தற சத்தத்தை ரேடியோவுல கேட்டேன். அண்ணன் உள்ளதான் இருந்தான். ஜெயிச்சுட்டோம்னு எனக்குக் கால் தரையில நிக்கல. இவனையா சந்தேகப்பட்டோம்னு வெக்கமா இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல சபாநாயகர் முடிவைப் படிச்சார். ஒரே ஒரு ஓட்டு. ராஜா இல்ல. தெருவுல ஒரு சத்தம் எழும்பிச்சு பாருங்க, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. பாதிப் பேரு எங்க வீட்டுக்கு முன்னால வந்துட்டாங்க. "வாத்தியார் வாழ்க! வாத்தியார் வாழ்க!"ன்னு கத்தறாங்க. நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ள ஓடினேன்.

"ஏங்க, எந்திரிங்க! ஜெயிச்சாச்சு! இந்தாங்க, இதைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க..."

அண்ணன் விசிறியைக் கீழ வச்சான். அப்பதான் எனக்கு ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சு. கிண்ணத்தை வச்சுட்டு அவர் காலைத் தொட்டேன். காலு சில்லுன்னு இருந்துச்சு.

"எப்ப?"

"நீ கஞ்சி வைக்கப் போனப்ப."

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. அண்ணன் நெஞ்சுல ரெண்டு கையாலயும் குத்தினேன். "பாவி! நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ அடுப்படியில நின்னு பொணத்துக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்திருக்கேன்! கடைசி மூச்சு போறப்ப நான் பக்கத்துல இருக்க வேண்டாமாடா? என்னைக் கூப்பிட உனக்கு வாய் வரலையாடா?" அவனை நான் டா போட்டது அன்னிக்குத்தான். அவன் குத்தை வாங்கிக்கிட்டுக் கையைக்கூடத் தூக்காம நின்னான்.

"ஒரு நொடியில முடிஞ்சுடுச்சு, பாப்பா. கூப்பிட நேரமில்ல. அதுக்கப்புறம் கூப்பிட்டிருந்தா நீ கத்தியிருப்ப. வாசல்ல இருந்தவன் காதுல விழுந்திருக்கும்."

"விழட்டுமே! விழுந்தா உனக்கென்ன? ஜோடிதான் அறுந்துபோச்சே! மூச்சு நின்னா வரேன்னு நீதானே அவன்கிட்டச் சொன்ன? போய் உன் ராஜாவைக் காப்பாத்தியிருக்க வேண்டியதுதானே! ஆசை அதுதான்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னியே!"

வெளியில இன்னும் வாழ்க வாழ்கன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்தான். வந்து கட்டில் காலுகிட்ட தரையில உக்காந்தான். ராஜா விசுவாசி, எங்க அப்பா செத்தப்பகூட அழாதவன், மீசையெல்லாம் நனைய அழுதான்.

"நீ அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடிச்சார். 'ஓட்டு முடிஞ்சுதா மச்சான்?'னு கேட்டார். சபையில அப்ப பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா அவருக்கு அதுக்கு மேல நேரம் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. 'முடிஞ்சுது மாப்பிள்ளை, நீங்க ஜெயிச்சுட்டீங்க'ன்னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சார். சிரிச்சுட்டு, 'வருத்தப்படாதீங்க மச்சான்'னு எனக்கு ஆறுதல் சொன்னார். அவ்வளவுதான், போயிட்டார்."

புறங்கையால மூக்கைத் துடைச்சுக்கிட்டான்.

"அப்படி நம்பிட்டுப் போனவரை, நான் எந்திரிச்சுப் போய் எப்படி பாப்பா ஏமாத்துவேன்?"